நீலப்பட்டை போட்ட சிவப்புக் கோட்டுகள்

மார்ச் 4

என் மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லாம் சௌக்கியம். போனில் சொல்ல வேண்டியதுதானே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன் மகள் பேச்சை எடுத்தாலே "சரிம்மா, யாரோ கூப்பிடறாங்க" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. மேசையில் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். நீ படிக்காவிட்டாலும் என் மருமகள் சோறு போடும்போது சத்தமாகப் படித்துக் காட்டுவாள்.

சுண்டு உன் கம்பெனி வேலையை உதறிவிட்டு என்னிடம் வந்து ஏழு மாதம் ஆகிறது. அப்பனும் மகளும் அன்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நீ அவளைக் கேட்க மாட்டாய், அவளும் உன்னைக் கேட்க மாட்டாள். நடுவில் நான் ஒருத்தி, இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு. சரி, அவள் இங்கே சும்மா இருக்கிறாளா, என்ன செய்கிறாள் என்றாவது நீ தெரிந்துகொள்ள வேண்டாமா?

எங்கள் தெருமுனைச் சலவைக்கடைக்கு மேல்மாடியில் குடியிருப்போர் சங்கத்தின் கூடம் இருக்கிறது. சனிக்கிழமை மதியம் முழுக்கப் பூட்டியே கிடக்கும். பழைய துணியைத் திருத்தித் தைக்கக் கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்று சுண்டு போய்ச் சங்கச் செயலாளரிடம் பேசிச் சாவி வாங்கிவிட்டாள். அவர் ஒரு பேண்டு வாத்தியக் குழுவில் பெரிய டிரம் அடிப்பவர். ஆளும் டிரம் மாதிரியே இருப்பார். "பழைய துணிய வெச்சு என்னம்மா வகுப்பு? எங்க வீட்டுல அதைத் தரை துடைக்கத்தான் வெச்சிருக்கோம்" என்றாராம். இவள், "தரை துடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை எங்கிட்ட காட்டுங்க" என்றாளாம். சாவியைக் கொடுத்துவிட்டார்.

முதல் வாரம் நாலு பேர் வந்தார்கள், என்னையும் சேர்த்து. இப்போது நாற்காலி போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்து தைக்கிறார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி வருகிறாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வருகிறார். ஸ்டியரிங்கைப் பிடித்த அந்தக் கை, காலுறை ஓட்டையில் இழை ஓட்டுவதை நீ பார்க்க வேண்டும். "பள்ளத்தை அடைச்சு ரோடு போடற மாதிரிதாங்க" என்கிறார். அவர் அடைத்த இடத்தை விரலால் தடவினாலும் தெரியாது.

சுண்டு ஒரு பழைய சட்டையைத் தூக்கிக் காட்டி, "இதுல எது செத்துப்போச்சு, எது இன்னும் உயிரோட இருக்கு, சொல்லுங்க" என்று கேட்பாள். காலர் செத்திருக்கும். முழங்கை செத்திருக்கும். முதுகு மட்டும் எப்போதும் உயிரோடு இருக்கும். நம் எல்லோர் சட்டையிலும் அப்படித்தான், நீயும் உன்னுடையதைக் கழற்றிப் பார். அந்த முதுகிலிருந்து குழந்தைக்கு ஒரு கவுன் வரும், தலையணை உறை வரும், கடைக்குப் போகப் பை வரும்.

அவள் வகுப்பில் இரண்டு சட்டம். யாருக்கும் எதையும் தைத்துத் தருவதில்லை, கொண்டுவந்தவர்தான் உட்கார்ந்து தைக்க வேண்டும். அவரவர் ஊசியை அவரவரே கோக்க வேண்டும். முதல் நாள் நான் ஊசியை நீட்டி, "கண்ணு தெரியலடி, கோத்துக் குடு" என்றேன். "ஜன்னல்கிட்ட போங்க பாட்டி. நூல் நுனியைச் சாய்வா வெட்டுங்க, தானா போகும்" என்றாள். சொந்தப் பாட்டிக்கே இந்தக் கதி. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் அவளை வீட்டுக்குள் சேர்த்திருக்கக் கூடாது. ஆனால் நூல் போய்விட்டது ராசா. ஐந்தாறு வருஷமாக அடுத்த வீட்டுப் பெண்ணைக் கெஞ்சிக்கொண்டிருந்தவள், இப்போது நானே கோக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போயேன். பேச வேண்டாம். ஓரமாக நின்று பார், போதும்.

அம்மா

*

மார்ச் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் மருமகள் படிக்கவில்லை, நானே படித்தேன். முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். படி ஏறி அந்தக் கூடத்துக்குப் போவதைக் குறையுங்கள்.

நான் வந்து பார்க்க என்ன இருக்கிறது? ஏற்கெனவே பார்த்துவிட்டேன். அவள் பேசியதை யாரோ போனில் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். "புதுசா ஒரு சட்டை வாங்கறதுக்கு முன்னாடி வெட்கப்படுங்க" என்கிறாள். எங்கள் கட்டிங் செக்‌ஷனில் எல்லோரும் பார்த்தார்கள். டீ நேரத்தில் என் முன்னாலேயே ஓடவிட்டார்கள். "மாஸ்டர், உங்க பொண்ணு நம்ம சோத்துல கைவைக்குதே" என்று ஒரு பையன் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்ய?

அம்மா, நான் இருபத்தெட்டு வருஷமாகப் புதுச்சட்டை வெட்டுகிறவன். அதில்தான் அவள் படித்தாள். மேனேஜர் அறை வாசலில் நின்று கேட்டு அவளுக்கு அதே கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தேன். ஒரு சின்னக் கறைக்காக நல்ல சட்டையைக் கழித்துக் கிழிக்கிறார்கள் என்று சண்டை போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் அதே வாசல் வழியாக நான் உள்ளே போக வேண்டியிருந்தது. அதை அவள் யோசித்தாளா?

அவள் நன்றாக இருக்கட்டும். கூட்டத்தில் கத்திரியைக் கீழே வைக்கும்போது வாயை மூடி வைக்கச் சொல்லுங்கள். சிறுவயதிலிருந்தே திறந்து போடுகிற பழக்கம் அவளுக்கு.

உங்கள் மகன்

*

மார்ச் 17

என் மகனுக்கு,

தைலம் வந்தது. நாற்றம் தாங்கவில்லை, ஆனால் வலி கேட்கிறது.

நீ பார்த்த படத்தை எடுத்தது நம் நர்ஸ்தான். அவள் போனில் இடம் இல்லாமல் பாதியில் நின்றுவிட்டது. நான் அங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், மீதியைக் கேட்டேன், உனக்கு எழுதுகிறேன். "ஒரு சட்டையில எத்தனை பேர் கை பட்டிருக்குன்னு தெரியுமா? எங்க அப்பா காலைல நின்னா சாயங்காலம் வரைக்கும் நின்னுக்கிட்டே வெட்டுவார். ராத்திரி கால் வீங்கிப்போயிருக்கும். அவ்வளவு வேலையை மூணு தடவை போட்டுட்டுத் தூக்கி எறியறோமே, நமக்கு வெட்கமா இல்ல?" இப்படித்தான் சொன்னாள். உன் கால் வீக்கம் எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அந்தத் தைலத்தை நீயும் போடு.

அவள் உன்னைக் கேட்காமல் வேலையை விட்டது தப்புதான். நான் அவளிடமே சொல்லியிருக்கிறேன். "கேட்டிருந்தா அப்பா என்ன சொல்லியிருப்பார் பாட்டி?" என்றாள். "வேண்டாம்னுதான் சொல்லியிருப்பான்" என்றேன். "அவர் வேண்டாம்னு சொல்லி, அதுக்கப்புறம் விட்டிருந்தா இன்னும் பெரிய தப்பில்லையா?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

இங்கே துணி மலை மாதிரி வருகிறது. மாடிக்குப் போகும் பின்வாசல் படியில் ஜனங்கள் மூட்டையை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அங்கே இருப்பது எல்லாம் எங்களுடையது என்று ஆகிவிட்டது. வந்ததில் எதையும் வேண்டாம் என்று சுண்டு சொல்வதில்லை. ஒரு மூட்டையில் ஒற்றைக் கையுறை மட்டும் இருந்தது. அதையும் பிரித்து அந்தக் கம்பளி நூலில் டிரைவருக்கு ஒரு கண்ணாடி உறை பின்னிவிட்டாள். அதை அவர் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிகிறார், கண்ணாடி போடுவதில்லை.

அம்மா

*

மார்ச் 30

ராசா,

நீ பதில் போடவில்லை. நானும் உன் பதிலுக்குக் காத்திருக்க நேரமில்லை. இங்கே தலைக்குமேல் வெள்ளம் போய்விட்டது.

நேற்று மதியம் டிரைவர் பின்வாசலில் இருந்து ஒரு பெரிய மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். "இன்னிக்கு யோகம்தான்" என்றார். பிரித்தால் எட்டுச் சிவப்புக் கோட்டுகள். கனமான துணி. முழங்கை வெளுத்திருந்தது, பாதிப் பொத்தான் இல்லை, வியர்வை நாற்றம் வேறு. யாரோ வேண்டாம் என்று போட்டது என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. நேற்றைய பாடம் கடைக்குக் கொண்டுபோகும் பை. சுண்டு அந்தத் துணியைக் கையில் பிடித்துப் பார்த்து, "இப்படி ஒரு முதுகு கிடைக்காது. ஆளுக்கு ஒண்ணு எடுங்க" என்றாள். எல்லோரும் கத்திரியை எடுத்தோம். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் எதையும் வெட்டியதில்லை.

நாலு மணி சுமாருக்குச் சங்கச் செயலாளர், அந்த டிரம்காரர், படியேறி வந்தார். "கீழ சலவைக்கடை பூட்டியிருந்துச்சுன்னு பின்படியில ஒரு மூட்டை வெச்சுட்டுப் போனேன். கடைக்காரர் வரவே இல்லைங்கறார். நீங்க யாராவது..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். நாங்கள் எல்லோரும் மடியில் ஆளுக்கொரு சிவப்புத் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். என் மடியில் இருந்ததை அவர் குனிந்து பார்த்தார். ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"பெரியம்மா, இது என்னோட முதுகு மாதிரி இருக்கே?"

நான் என்ன சொல்வேன்? அது அவர் முதுகுதான். அந்த அகலம் வேறு யாருக்கும் கிடையாது.

எட்டும் அவருடைய பேண்டுக் குழுவின் சீருடை. அடுத்த மாதம் இருபத்தாறாம் தேதி பூங்காவில் அவர்கள் கச்சேரி. அந்தச் சிவப்புத் துணி இப்போது கடையில் எங்கும் கிடைப்பதில்லையாம். டிரம்காரர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "எட்டுக் கோட்டும் அன்னிக்கு வேணும். இல்லேன்னா சாவியைக் குடுத்துடும்மா. சங்கத்துல நான் வேற என்ன சொல்ல முடியும்?" என்றார். சுண்டு, "குடுத்துடறேன் சார். கோட்டு, இல்லேன்னா சாவி" என்றாள்.

அவர் போன பிறகு எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னாள். யாரும் போகவில்லை. வெட்டியதைத் தரையில் பரப்பிக் கோட்டு கோட்டாகச் சேர்த்து வைத்துப் பார்த்தோம். இரண்டு துண்டைச் சேர்த்துத் தைத்தால் தையலுக்குள்ளேயே கொஞ்சம் துணி போய்விடுகிறது. இப்படி ஒவ்வொரு இடத்திலும் போனால் கோட்டு பள்ளிக்கூடப் பிள்ளைக்குத்தான் ஆகும். அவள் பை தைப்பாள், சட்டை தைப்பாள். கோட்டு அவளுக்குப் பழக்கமில்லை. யாரைக் கேட்கலாம் என்று நர்ஸ் கேட்டாள். சுண்டு குனிந்து துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். அவள் யாரை நினைத்தாள் என்று எனக்குத் தெரியும்.

நான் உன்னை எதுவும் கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

அம்மா

*

ஏப்ரல் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். "என்னோட முதுகு மாதிரி இருக்கே" என்ற இடத்தில் எனக்குப் புரையேறிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் முதுகில் தட்டினார்கள். அப்புறம் மீதியைப் படித்தேன்.

யார் கேட்டாலும் இதைச் சொல்லுங்கள். வெட்டிய ஓரத்தோடு ஓரத்தைச் சேர்த்துத் தைக்கவே கூடாது. நீங்கள் எழுதியது சரி, கோட்டு சுருங்கும். இரண்டு துண்டுக்கும் நடுவே வேறு துணியில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு பட்டை கொடுக்க வேண்டும். தையலில் போனது பட்டையில் திரும்ப வந்துவிடும். முதலில் ஒவ்வொரு துண்டிலும் எது மேல், எது கீழ் என்று சாக்கட்டியால் அம்புக்குறி போடுங்கள். ஒரு துண்டு தலைகீழாகப் போனாலும் வெளிச்சத்தில் நிறம் வேறாகத் தெரியும். ஒவ்வொரு தையலையும் முடித்த உடனே சூடாக இஸ்திரிப் பெட்டி போட்டு அமுக்க வேண்டும். கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

சிவப்புக்குள் சிவப்பை வைத்து மறைக்கப் பார்க்காதீர்கள். மறைக்கப் பார்த்தால்தான் ஒட்டுப்போட்டது என்று தெரியும். நன்றாகத் தெரிகிற நிறமாக, எட்டுக் கோட்டிலும் ஒரே மாதிரி வைத்துவிட்டால் அப்படித்தான் தைத்தார்கள் என்று நினைப்பார்கள்.

கருநீலத்தில் கெட்டித் துணி தனிப் பார்சலில் வருகிறது. இங்கே வெட்டியதில் மிஞ்சிய துண்டுகள். மேனேஜரிடம் கேட்டு எடுத்தேன். "அதை எடுத்துட்டுப் போக நாமதான் லாரிக்காரனைக் கெஞ்சறோம், நீங்க கேட்டு எடுக்கறீங்களா மாஸ்டர்" என்று சிரித்தார். கம்பெனிக்குப் பின்னால் அதற்கு ஒரு கொட்டகை இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் அதற்குள் போனதில்லை, பெருக்குகிறவர்கள்தான் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். உள்ளே கூரை வரைக்கும் இருக்கிறது அம்மா. ஒவ்வொரு துண்டிலும் என் கத்தி போன வளைவு தெரிகிறது. கைக்கு எடுத்தது, கழுத்துக்கு எடுத்தது என்று பார்த்ததும் சொல்ல முடிகிறது.

நான் அனுப்பினேன் என்று அவளிடம் சொல்ல வேண்டாம். தெரிந்த கம்பெனிக்காரர் ஒருவர் கொடுத்தார் என்று சொல்லுங்கள்.

உங்கள் மகன்

*

ஏப்ரல் 13

என் மகனுக்கு,

பார்சல் வந்தது. நீ சொல்லச் சொன்னபடியே, "யாரோ கம்பெனிக்காரர் அனுப்பியிருக்கார்" என்று சொன்னேன். முகத்தைக்கூட நன்றாக வைத்துக்கொண்டேன்.

சுண்டு கட்டியிருந்த நாடாவை வெட்டாமல் முடிச்சைப் பார்த்தாள். நீ துணிக்கட்டுகளைத் துணியின் கரையைக் கிழித்துத்தானே கட்டுவாய், ஒரு நுனியை இழுத்தால் முழுதும் அவிழ்கிற மாதிரி? சின்ன வயதில் உன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கம்பெனி வாசலில் உட்கார்ந்து அவள் அந்த முடிச்சைத்தான் போட்டுப் போட்டு அவிழ்த்து விளையாடுவாள். நுனியை இழுத்தாள். கட்டு அவிழ்ந்தது. "யாரோ கம்பெனிக்காரரா பாட்டி?" என்றாள். "ஆமா" என்றேன். "நல்ல மனுஷர்" என்று சொல்லிவிட்டு அந்தக் கரையை மடித்துத் தன் ஊசிப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். இனிமேல் பொய் சொல்கிற வேலையை என்னிடம் கொடுக்காதே, எனக்கு வரவில்லை.

நீ எழுதிய மாதிரியே செய்கிறோம். அம்புக்குறி போடுவது டிரைவர் பொறுப்பு. "ஒன்வேயில வண்டி எதிர்ல வந்துடக் கூடாது" என்று ஒவ்வொரு துண்டாகப் பார்க்கிறார். சனிக்கிழமை என்று இல்லை, தினமும் சாயங்காலம் கூடம் நிறைந்துவிடுகிறது. வெட்டியவர்கள் ஒருவர் விடாமல் வருகிறார்கள். நர்ஸ் வேலை முடிந்து சீருடையோடு நேரே வந்து உட்காருகிறாள்.

பெட்டி போடத்தான் திண்டாடினோம், எங்களுடையது இந்தத் துணிக்குச் சூடு போதவில்லை. கீழே சலவைக்கடைக்காரருக்கு எங்கள்மேல் கோபம். ஊர் முழுக்க அவர்தான் கோட்டைத் தொலைத்தார் என்று பேச்சாகிவிட்டதே. சுண்டு ஒரு துண்டைக் கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்து, "நாங்க தைக்கிறது உங்க பெட்டியில நிக்கும். எங்க பெட்டியில நிக்காது" என்றாள். அவர் அவளைப் பார்க்காமல் துண்டை மட்டும் பார்த்தார். "யாரு போட்ட தையல் இது? புழு ஊர்ந்த மாதிரி இருக்கு" என்றார். அது நான் போட்டது. ஆனால் ஆவி விட்டு ஒரு அழுத்து அழுத்தினார் பார், புழு நேராகிவிட்டது. இப்போது கடையைப் பையனிடம் விட்டுவிட்டு அவரே மேலே வந்து, "அடுத்தது கொண்டாங்க" என்று நிற்கிறார்.

டிரம்காரர் நேற்று அளவு பார்க்க வந்தார். நீலப்பட்டை வைத்ததில் அவர் கோட்டு மற்றதைவிடக் கொஞ்சம் அகலமாகவே ஆகிவிட்டது. போட்டார். பொத்தானைக் கொண்டுபோய் ஓட்டையில் விட்டார், மாட்டிக்கொண்டது. குனிந்து பார்த்தார். "நாலு வருஷமா இதைத் திறந்தே போட்டுட்டிருந்தேன், பெரியம்மா" என்றார். அந்த ஆள் முகத்தில் அப்படி ஒரு வெட்கம்.

ஆனால் அவர் டிரம் அடிக்கிற மாதிரிக் கையைத் தூக்கினார். கோட்டு முழுவதும் கூடவே எழுந்து காது வரைக்கும் போய்விட்டது. மற்ற ஏழும் அப்படித்தான். கை உடம்போடு சேருகிற இடத்தில் எங்கோ தப்பு. சுண்டு மூன்று தடவை பிரித்துத் தைத்துவிட்டாள், சரியாகவில்லை. இன்னும் ஒரு சனிக்கிழமைதான் நடுவில் இருக்கிறது. நேற்று சாவியை எடுத்து வெறுமனே துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அம்மா

*

ஏப்ரல் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

கை சேரும் இடத்தை எழுத்தில் சொல்ல முடியாது. கையால்தான் சொல்ல முடியும். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். ராத்திரி பஸ்ஸில் திரும்ப வேண்டும், இங்கே மாதக் கடைசி ஆர்டர். கச்சேரிக்கு இருக்க முடியாது.

முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். சாப்பாடு எதுவும் விசேஷமாகச் செய்ய வேண்டாம்.

உங்கள் மகன்

*

ஏப்ரல் 27

ராசா,

நீ வந்துபோன அன்றைக்கே எழுத நினைத்தேன். கச்சேரியையும் பார்த்துவிட்டுச் சேர்த்து எழுதலாம் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் பேசியதை நான் முழுவதும் கேட்டேன். "கத்திரி." "இந்தாங்க." "இழுக்காதே, விடு." "சரி." "இங்க குறுக்குவாட்டுல வெட்டு." "எவ்வளவு?" "பார்த்துக்கோ." மதியத்திலிருந்து விளக்குப் போடும் வரைக்கும் இவ்வளவுதான் பேச்சு. மகளும் அப்பாவும் எட்டு மாதம் கழித்துப் பார்த்துக்கொண்டால் இப்படித்தான் பேசுவார்களா என்று நர்ஸ் என் காதில் கேட்டாள். "இவங்க வீட்டுல இதுவே அதிகம்" என்றேன். ஆனால் ஒன்றைப் பார்த்தேன். மேசைமேல் கத்திரியை வைக்கும்போது அவள் அதன் வாயை மூடித்தான் வைத்தாள், ஒவ்வொரு தடவையும். நீயும் பார்த்தாய்.

நீ ஜன்னல் பக்கம் போய் ஊசி கோக்க முயன்றதையும் பார்த்தேன். மூன்று தடவை நூல் தவறியது. உன்னிடம் கண்ணாடி இருக்கிறதா? அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு அடி எடுத்து வைத்தாள், அப்புறம் நின்றுவிட்டாள். சட்டம் சட்டம்தான். அத்தனை பேர் முன்னால் உனக்கு மட்டும் எப்படி மாற்றுவாள்? நீ கோத்து முடித்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

இனிக் கச்சேரியைச் சொல்கிறேன். பூங்கா கொள்ளாத கூட்டம். எட்டுப் பேரும் வரிசையாக வந்தார்கள். வெயில் அந்தச் சிவப்பில் விழுந்தது ராசா. நடுவில் ஓடிய உன் நீலம் அப்படி எடுத்துக் காட்டியது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா, "புதுக் கோட்டு தெச்சிருக்காங்க போல, நல்ல டிசைன்" என்றாள். அவள் வீட்டுக்காரர்தான், "இது புதுசு இல்ல, நல்லாப் பாரு, ஒவ்வொண்ணும் எத்தனை துண்டு" என்று காட்டினார். அதற்குப் பிறகு அவர்கள் பாட்டைக் கேட்கவில்லை. எது எந்தத் துண்டு என்று எண்ணிக்கொண்டே இருந்தார்கள். டிரம்காரர் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஓங்கி அடித்தார். கோட்டு ஒரு விரல்கூட எழவில்லை. எனக்குப் பின்னால் சலவைக்கடைக்காரர், "பெட்டி போட்டது யாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

முடிந்ததும் டிரம்காரர் மைக்கில் நடந்ததை எல்லாம் சொன்னார், அவர் முதுகைக்கூட. கூட்டம் சிரித்து ஓய நேரமாயிற்று. சுண்டுவை மேடைக்குக் கூப்பிட்டார். வகுப்பில் அவ்வளவு பேசுகிறவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்:

"சிவப்பு இவங்களோடது. நீலம் எங்க அப்பாவோடது. நடுவுல இருக்கிற தையல் மட்டும்தான் எங்களோடது."

அவ்வளவுதான். இறங்கி வந்துவிட்டாள். இந்தத் தடவை நர்ஸ் போனில் இடம் இருந்தது. அதை உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன், டீ நேரத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஓடவிடு.

சாவியை அவள் நீட்டியபோது டிரம்காரர் வாங்கவில்லை. "ஞாயித்துக்கிழமையும் கூடம் காலியாத்தான் கிடக்கு" என்றார். ஆனால் பின்படியில் இப்போது ஒரு பலகை மாட்டியிருக்கிறோம். "இங்கே மூட்டை வைப்பவர்கள் மேலே வந்து சொல்லிவிட்டு வைக்கவும்" என்று. எழுத்து டிரைவருடையது, பஸ் போர்டு மாதிரியே இருக்கிறது.

நான் அதிகம் படிக்காதவள். நல்ல வார்த்தையாகப் போட்டு எழுதத் தெரியவில்லை. உன் மகளைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு நீ குனிந்து நின்று வெட்டினாயே, அதைப் பார்த்தபோது உன்னைப் பற்றியும் அதையேதான் நினைத்தேன்.

அம்மா

*

மே 4

அன்புள்ள அம்மாவுக்கு,

படம் வந்தது. ஓடவிட்டேன். அன்றைக்குச் சிரித்த பையன் இரண்டாவது தடவையும் போடச் சொன்னான். "மாஸ்டர், அந்த நீலம் நம்ம செக்‌ஷன்ல வெட்டினது" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான், அவன் வெட்டியது மாதிரி.

கொட்டகையைப் பற்றி மேனேஜரிடம் பேசினேன். மாதம் ஒரு கட்டு உங்கள் கூடத்துக்கு அனுப்பலாம் என்று சொல்லியிருக்கிறார். கழித்த சட்டைகளைப் பற்றியும் பேசினேன். அதற்கு மட்டும் இன்னும் சரி என்று சொல்லவில்லை. திரும்பக் கேட்பேன்.

நீங்கள் முன்பு கேட்ட கேள்விக்குப் பதில் யோசித்தேன். அவள் கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அது நிஜம். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

இத்துடன் என் வெள்ளைச் சட்டை ஒன்று அனுப்புகிறேன். காலர் செத்துவிட்டது. முதுகு உயிரோடு இருக்கிறது, பார்த்துவிட்டேன். காலரைப் பிரித்து உள்பக்கத்தை வெளியே திருப்பி வைத்தால் இன்னும் சில வருஷம் போகும். இங்கே நான் புதிதாக ஒன்றை எடுத்துக்கொள்ள முடியும், நாளைக்கே முடியும். அவளிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவசரம் இல்லை.

உங்கள் மகன்

*

மே 9

என் மகனுக்கு,

உன் சட்டை அப்படியே திரும்பி வருகிறது. கோபப்படாமல் படி.

அவள் அதைப் பிரித்து மேசைமேல் விரித்துக் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கை வேலையைத் தொடங்கிவிடும் என்று நினைத்தேன். மடித்து வைத்துவிட்டாள். பார்சலை அவளே கட்டினாள், கரையைக் கிழித்து, உன் முடிச்சில். சொல்லச் சொன்னதை அவள் வாயில் வந்தபடியே எழுதுகிறேன்:

"இங்க யாருக்கும் தெச்சுக் குடுக்கிறதில்லன்னு சொல்லுங்க பாட்டி. யாரா இருந்தாலும் வந்து உக்காந்துதான் தெக்கணும். ஜன்னலோர நாற்காலி அவருக்கு. இந்த மாச ஆர்டர் முடிஞ்சதும், ஒரு சனிக்கிழமை."

நான் கடிதத்தை மடிக்கப்போகும்போது மறுபடியும் வந்து நின்றாள். "இன்னொண்ணும் எழுதுங்க" என்றாள்.

"ஊசியை நான் கோத்து வெக்கிறேன்."

அம்மா